கைபிடித்து ஏற்றிய அணில்

என் மகளுக்குக் கண்ணில் கோளாறு இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பெற்றவள் இப்படிச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். நான் தியாகராய நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். பவர் பார்ப்பது, ஃபிரேம் எடுத்துக் கொடுப்பது, மூக்கில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடிக்கும் கண்ணாடியை வளைத்து உட்கார வைப்பது, இதெல்லாம் என் வேலை. எழுத்து தெரியவில்லை என்று வருகிறவர்களுக்கு எழுத்து தெரிய வைத்து அனுப்புகிறேன். சொந்த மகள் எழுத்தைக் கண்டு திணறியபோது என்னிடம் கண்ணாடி இல்லை.

அப்போது அவளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. கடையில் கூட்டம் இல்லாத மத்தியானம் ஒன்றில் அவளை அழைத்துப் போய் உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொன்னேன். கடைசி வரிவரை மளமளவென்று படித்துவிட்டாள். கடைக்கு வரும் கண் டாக்டரும் சோதித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு தங்கமா இருக்கும்மா, எதுக்குக் கவலைப்படறே?" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது. ஒற்றை ஒற்றை எழுத்தாகக் கேட்டால் அவளுக்கு எல்லாம் தெரியும். அதையே சேர்த்து ஒரு வார்த்தையாக எழுதச் சொன்னால் பென்சிலைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். எழுதினாலும் பாதி எழுத்து காணாமல் போயிருக்கும், மீதி இடம் மாறியிருக்கும். நேற்று நூறு தடவை எழுதியது இன்று காலையில் அவளிடம் இருக்காது.

ஆனால் வாய் இருக்கிறதே, அது வேறு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஃபாதர் வைத்த பிரசங்கத்தை வீட்டுக்கு வந்து அதே ராகத்தில், இடையில் அவர் இருமியது உட்பட, அப்படியே சொல்லிக் காட்டுவாள். இவ்வளவு விவரமான பிள்ளைக்கு நாலு எழுத்து வார்த்தை வரவில்லை என்றால் யார் நம்புவார்கள்? சோம்பேறித்தனம் என்றுதான் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் சைதாப்பேட்டையில் ஒரு பார்சல் கம்பெனி கிடங்கில் இருக்கிறார். அவரிடம் சொன்னால், "வரும்டி. நான்கூட ஏழாங்கிளாஸ் வரைக்கும் என் பேரையே தப்பாத்தான் எழுதிக்கினு இருந்தேன்" என்றார்.

"அந்த லட்சணத்தத்தான் தினமும் பாக்குறேனே" என்றேன்.

அவள் பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று மாடியில் ஓர் அறை உண்டு. அதற்கென்று படித்த டீச்சர் ஒருவர் வாரத்தில் சில நாள் வருவார். நாலைந்து பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்டு, மணலில் எழுத வைத்து, களிமண்ணில் எழுத்து பிடிக்க வைத்து, நிதானமாகச் சொல்லிக் கொடுப்பார். அங்கே சேர்ந்து தேறிய பையன் ஒருவனை எனக்கே தெரியும். ஆனால் மூன்றாம் வகுப்பில்தான் புதிதாகச் சேர்ப்பார்கள். நாலாம் வகுப்புக்குப் போய்விட்டால் இடம் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். வெளியில் அடையாறில் ஒரு சென்டரில் விசாரித்தேன். பகலில்தான் நடத்துவார்களாம், பெற்றவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டுமாம். வேலையை விட்டால்தான் முடியும், வேலையை விட்டால் எதுவுமே முடியாது. அதனால் மாடி அறையில் என் மகளுக்கு ஓர் இடம் வேண்டும் என்பதைத் தவிர, அந்த வருஷம் மாதாவிடம் எனக்கு வேறு வேண்டுதலே இருக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அணில் வந்தது.

பெற்றோர் கூட்டத்தில் வகுப்பு மிஸ் பெரிய திரையில் ஒரு கேமைப் போட்டுக் காட்டினார். இனிமேல் வீட்டில் டிக்டேஷன் எழுத வேண்டாம், கம்ப்யூட்டரில் விளையாடினால் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி லாகின். ஒரு வெள்ளைக்காரம்மா குரல் வார்த்தையைச் சொல்லும். அதை டைப் அடிக்க வேண்டும். சரியாக அடித்தால் அணில் மரத்தில் ஒரு கிளை ஏறும். தப்பாக அடித்தால் சர்ரென்று சறுக்கிக் கீழே வந்து விழும். முதலில் பச்சை மரம், சின்னச் சின்ன வார்த்தைகள். அப்புறம் நீல மரம். கடைசியில் தங்க மரம், பெரியவர்களே யோசிக்கிற வார்த்தைகள். வெள்ளிக்கிழமைதோறும் யார் எந்த மரத்தில் எத்தனையாவது இடத்தில் என்று அம்மாக்கள் குரூப்பில் போட்டுவிடுவார்களாம். "யாருக்கு ஹெல்ப் தேவைன்னு இதுலயே எங்களுக்குத் தெரிஞ்சிடும். கடைசியில இருக்கற பிள்ளைங்கள மாடிக்கு அனுப்புவோம்" என்றார் மிஸ்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இனி நான் யாரிடமும் போய் என் பிள்ளைக்கு வரவில்லை, வரவில்லை என்று கெஞ்ச வேண்டாம். மெஷினே சொல்லிவிடும். மெஷின் சொன்னால் நம்புவார்கள்.

வீட்டுக்காரர் கிடங்கில் யாரோ மாற்றிவிட்டுப் போன பழைய லேப்டாப் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். மகள் அணிலைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். அது சறுக்கும்போது வாலைக் குடை மாதிரி விரித்துக்கொண்டு வரும். மரத்தில் ஏறுவதைவிட அது விழுவதுதான் அழகு. அவள் தப்பாக அடிப்பாள், அது விழும், அவள் சிரிப்பாள், நாங்களும் சேர்ந்து சிரிப்போம். வேண்டுமென்றேதான் தப்பாக அடிக்கிறாளோ என்றுகூட எங்களுக்குச் சந்தேகம். அவர் அதையே பிடித்துக்கொண்டார். "பாத்தியா, அவளுக்குத் தெரியும். வெளாட்டு காட்றா" என்றார்.

ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து அணிலைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தேன். அணில் சறுக்குவதற்கு முன்பே, டைப் அடித்து முடித்த உடனேயே, அவள் சிரிக்க ஆரம்பித்துவிடுகிறாள். விழப்போகிறது என்று அவளுக்குத் தெரிகிறது. நாங்கள் ஏதாவது சொல்வதற்குள் தானே முந்திக்கொண்டு சிரித்துவிட்டால், நாங்களும் சிரித்துவிடுவோம் அல்லவா? எட்டு வயசுக்கு இந்த சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது? அன்றைக்குப் பிறகு அந்த அணிலைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்த முதல் பட்டியலில் அவள்தான் கடைசி. அடுத்த வாரமும் கடைசி. வகுப்பிலேயே பிள்ளை கடைசியில் நிற்கிறது என்று நிம்மதியாகத் தூங்கிய தாய் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இன்னும் சில வாரம் இப்படியே போனால் போதும், கூப்பிட்டுவிடுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அக்கா. மந்தைவெளியில் நாங்கள் இருக்கும் அதே கட்டடத்தில் கீழ் வீட்டில் இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண்கள் பள்ளி ஒன்றில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இருந்து மந்தைவெளி மார்க்கெட் வரை அவரோடு நடந்து போனால் ஐந்து நிமிஷ தூரத்துக்கு அரைமணி ஆகும். எதிரில் வருகிற பெண்கள் எல்லாம் "குட் ஈவினிங் மிஸ்" என்று நிற்பார்கள். பாதிப் பேருக்குத் தலை நரைத்திருக்கும். இவர்கள் குடும்பத்தில் அப்பா டீச்சர், தாத்தா டீச்சர், சித்தப்பா ஹெட்மாஸ்டர். என் வீட்டுக்காரர் மட்டும்தான் பார்சல் கட்டுகிறார்.

பள்ளி விட்டதும் மகள் நேரே அத்தை வீட்டுக்குப் போய்விடுவாள். நான் கடை முடிந்து பஸ் பிடித்து வந்து சேர இருட்டிவிடும். அதுவரை சாப்பாடு, ஹோம்வொர்க், அணில் எல்லாம் அங்கேதான். என்ன இருந்தாலும் அந்த வீட்டில் என் பிள்ளை பத்திரமாக இருந்தாள், அதை நான் மறுக்க மாட்டேன். லேப்டாப்பும் கீழ் வீட்டிலேயே இருந்தது.

சில வாரத்தில் மகள் கடைசியில் இருந்து மேலே வந்தாள். அப்புறம் நடுவில் வந்தாள். நீல மரம் என்று போட்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கடையில் ஒரு அம்மாவுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டே போனைப் பார்க்கிறேன், தங்க மரம், மூன்றாவது இடம். கண்ணாடியை அந்த அம்மா காதில் இடித்துவிட்டேன். மாடி அறை போச்சு என்று நினைத்தேன். ஆனால் பொய் சொல்வானேன், சந்தோஷமும் இருந்தது. நாம்தான் பயந்து செத்தோமோ, அந்த அணில் நிஜமாகவே சொல்லிக் கொடுத்துவிட்டதோ என்று ஒரு ஆசை. அன்று மாலை வரும் வழியில் மாதா கெபியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். நோட்டை எடுத்துப் பார்த்தேன். நோட்டில் அதே பாதி வார்த்தைகள், அதே இடம் மாறிய எழுத்துகள். அவசரத்தில் எழுதியிருப்பாள் என்று மூடி வைத்தேன்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் வகுப்பு மிஸ் என்னைத் தனியாக உட்கார வைத்தார். "மேம், உங்க பொண்ணு வீட்ல கோல்ட் ட்ரீல இருக்கா. கிளாஸ்ல நோட்டுல ஒரு வரி எழுத மாட்டேங்கறா. இது முடியாதது இல்ல மேம், எழுத மாட்டேங்கற அடம். நீங்க கொஞ்சம் கண்டிக்கணும்."

"மிஸ், நீங்க மாடி ரூமுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் ரொம்ப வீக்கா இருக்கறவங்களுக்கு மேம். உங்க பொண்ணு ரிப்போர்ட்டப் பாருங்க, எவ்ளோ நல்லா இருக்கு" என்று திரையை என் பக்கம் திருப்பினார். அதில் அணில் தங்க மரத்தின் உச்சியில் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தது. அந்த வாரம் முழுக்க வகுப்பில் என் மகளை எழுதாத ஒவ்வொரு வரிக்கும் நிற்க வைத்தார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கீழே போய் லேப்டாப்பை வாங்கி வந்து மகள் முன்னால் வைத்தேன். "ஆடு, அம்மா பாக்கணும்" என்றேன். வெள்ளைக்காரம்மா ஏதோ ஒரு நீளமான வார்த்தையைச் சொன்னாள். மகள் சுட்டுவிரலை நீட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். குரல் திரும்பச் சொன்னது. அவள் விரல் நீட்டியது நீட்டியபடி இருந்தது.

"டைப் அடியேண்டி" என்றேன்.

"நீ பிடி" என்றாள்.

"எத?"

"விரல. அத்தை பிடிச்சிப்பாங்க. அப்பதான் அணில் ஏறும்."

இரண்டு இரண்டு படியாகத் தாவிக் கீழே இறங்கினேன். நாத்தனார் சமையலறையில் கறிக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கக் கேட்டேன், "அக்கா, இவ்ளோ நாளும் நீங்களா அந்த கேம ஆடினீங்க?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான் எங்க ஆடினேன்? அவ விரலாலதான் அடிச்சேன்."

"ரெண்டும் ஒண்ணுதானேக்கா?"

"அது எப்படி ஒண்ணாகும்?" இப்போது திரும்பினார். மனுஷிக்கு நிஜமாகவே புரியவில்லை. "தட்டுல அரிசியப் பரப்பி விரலப் பிடிச்சு 'அ' எழுத வெச்சாங்களே உனக்கு, எனக்கு, எல்லாருக்கும். அன்னிக்கு யாரும் ஏமாத்து வேலைன்னு சொல்லலியே. கையப் பிடிச்சு எழுத வெச்சா கைக்குப் பழகிடும். நான் எத்தினி பிள்ளைங்களுக்கு அப்படிச் சொல்லிக் குடுத்திருக்கேன் தெரியுமா? ஒண்ணுக்குக்கூட வராமப் போனதில்ல."

எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். என் மகளுக்கே கோயிலில் ஃபாதர் மடியில் வைத்து, அரிசித் தட்டில் விரல் பிடித்து எழுதியபோது நான்தான் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தேன். திருட்டுத்தனம் என்றால் சண்டை போடலாம். இவர் மனசாரப் பாடம் அல்லவா நடத்தியிருக்கிறார்.

"அதுவும் அந்த குரூப்புல இருக்கறவளுங்கள்ல எத்தினி பேரு எங்கிட்டப் படிச்சவளுங்க தெரியுமா?" என்று அவரே தொடர்ந்தார். "மொத வாரமே ஒருத்தி அத போட்டோ பிடிச்சு எனக்கு அனுப்பறா. 'மிஸ், கடைசில இருக்கறது உங்க தம்பி பொண்ணா'ன்னு கேக்கறா. நான் மூஞ்ச எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது? நம்ம வீட்டுப் பிள்ள கடைசில நிக்கலாமா?"

"நிக்கணும்க்கா" என்று கத்திவிட்டேன். "கடைசில நின்னாத்தான் அவளக் கைதூக்கி விடுவாங்க. எனக்கு அந்த மாடி ரூமுல ஒரு எடம் வேணும். மூணாங்கிளாஸ் முடிஞ்சா அதுவும் போச்சு. உங்க மானத்துக்கு எம் பிள்ளயாக்கா கெடச்சா?" சொன்ன பிறகுதான் கடைசி வார்த்தை அதிகம் என்று பட்டது. அவர் மசாலாக் கையோடு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மாடி அறை விஷயத்தை நான் அவரிடம் சொன்னதே இல்லை. டீச்சர் வீட்டில் போய் என் பிள்ளைக்குத் தனி வகுப்பு வேண்டும் என்று எந்த மருமகள் சொல்வாள்?

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். நடந்ததை வகுப்பு மிஸ்ஸிடம் சொன்னேன். பாவம், சின்னப் பெண், முகம் வெளுத்துவிட்டது. "அப்போ அது மால்பிராக்டிஸ் ஆயிடுமே மேம். இத நான் மேல சொன்னா, குழந்த காப்பி அடிச்சான்னு ஆயிடும். ரிசல்ட்ட அழிச்சுட்டு ஃபர்ஸ்ட்லேர்ந்து ஆட விடறதுக்கும் எங்களுக்கு வழி இல்ல. கம்பெனிக்காரங்கதான் பண்ணணும், அவங்க இந்த வருஷம் முடிஞ்சாத்தான் பண்ணுவாங்க" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இனிமே அவளையே ஆட விடுங்க மேம். தானா கீழ எறங்கிடும்" என்றார்.

அதை நம்பி அன்று மாலையே ஆரம்பித்தேன். லேப்டாப் மேல் வீட்டுக்கு வந்தது. மகள் தனியாக ஆடினாள். தங்க மரத்து வார்த்தைகள் அவளுக்கு எந்த மூலைக்கு? அடித்தாள், விழுந்தது. அடித்தாள், விழுந்தது. நாலைந்து தடவை விழுந்ததும் எங்கிருந்தோ ஒரு மைனா பறந்து வந்து, எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து, அணிலைக் கிளையில் ஏற்றிவிட்டுப் போனது. பிள்ளை மனசு உடையக் கூடாதாம். கண்டுபிடித்தவன் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பான், அவன் வாயில் மண்ணு விழ. நாத்தனார் ஒரு பக்கம், மைனா ஒரு பக்கம், என் மகளை விழவே விட மாட்டேன் என்கிறார்கள்.

ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மூன்றாவது இடம் ஆறாவது ஆனது. நான் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து, அணில் சறுக்கும்போதெல்லாம் மனசுக்குள் "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் இப்போது சிரிப்பதில்லை. ஒருநாள் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நான் தப்பா அடிச்சா உனக்கு சந்தோஷமா?"

"யாரு சொன்னா?"

"உன் மூஞ்சி சொல்லுது."

நான் லேப்டாப்பை மூடிவிட்டு அவளைக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். சோளம் வாங்கிக் கொடுத்தேன். தப்பாக அடித்தால் சந்தோஷப்படும் அம்மாவுக்கு எட்டு வயசுப் பிள்ளையிடம் சொல்ல என்ன விளக்கம் இருக்கிறது? அன்றோடு அணிலை விட்டேன்.

நேரே கோஆர்டினேட்டர் மேடத்தைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். மாடி அறைக்கு யார் போவது என்று தீர்மானிக்கிறவர் அவர்தான். அவர் அறை வாசலில் மூன்று மத்தியானம் நின்ற பிறகு உள்ளே விட்டார்கள். ரிப்போர்ட்டை நம்பாதீர்கள், பிள்ளைக்கு வார்த்தை வராது என்றேன். பாதி கேட்கும்போதே போன் வந்தது, பேசினார். மீதியையும் கேட்டார். கெட்டவர் இல்லை, நேரம் இல்லாதவர். "இன்னும் ஒரு சீட்டுதான் இருக்கும்மா. நாலு பேரண்ட்ஸ் கேட்டுட்டு இருக்காங்க. ரிப்போர்ட்டு இவ்ளோ நல்லா இருக்கற பிள்ளைக்கு நான் எதச் சொல்லிக் குடுக்கறது? சரி, வர வெள்ளிக்கிழம கூட்டிட்டு வாங்க. நானே ரிப்போர்ட்ல இருக்கற வார்த்தைங்கள கேட்டுப் பாக்கறேன். வரலேன்னா சேத்துக்கறேன்" என்றார்.

அவர் காலில் விழாத குறை. கேட்டால் வராது, வராது என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடமும் சொன்னேன், கீழே நாத்தனாரிடமும் சொன்னேன். சண்டைக்குப் பிறகு அவர் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. "மேடம் கூப்பிட்டு வார்த்தை கேக்கப்போறாங்களாம்க்கா, அந்த ரிப்போர்ட்டு நெசமான்னு பாக்கறதுக்கு" என்றேன். மிஸ் மால்பிராக்டிஸ் என்று சொன்னதையும் வாய் சும்மா இல்லாமல் சொல்லி வைத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. "நான் கெடுத்தத நானே சரி பண்ணிடறேன்" என்றார். ஏதோ மனசு கேட்காமல் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

அது ஜெபமாலை மாதம். தினமும் சாயங்காலம் மகளைக் கூட உட்கார வைத்து ஜெபம் சொல்வது நாத்தனார் வழக்கம். அந்த வாரம் நான் வேலை முடிந்து வரும்போது கதவு சாத்தியிருக்கும். உள்ளே இரண்டு குரலும் மாறி மாறி ராகமாகக் கேட்கும். ஜெபத்தின் நடுவில் கதவைத் தட்டக் கூடாது என்று மாடிப்படியில் உட்கார்ந்து காத்திருப்பேன். எனக்காகவும் சேர்த்து வேண்டிக்கொள்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அவளுக்குத் தலை சீவி, ரிப்பன் கட்டி அழைத்துப் போனேன். கோஆர்டினேட்டர் மேடம் அவளை மேஜைக்கு முன்னால் நிற்க வைத்து, என்னைப் பின்னால் நாற்காலியில் உட்காரச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "பயப்படாம சொல்லணும், என்ன? பியூட்டிஃபுல். ஸ்பெல்லிங் சொல்லு பாப்போம்."

என் மகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். "பி, ஈ, ஏ, யூ, டி, ஐ, எஃப், யூ, எல்" என்றாள். கணீரென்று, ஜெபத்தில் மன்றாட்டு மாலை சொல்கிற ராகத்தில், மூன்று மூன்று எழுத்தாக. சாத்திய கதவுக்குப் பின்னால் அந்த வாரம் முழுக்க நடந்தது என்ன என்று அப்போதுதான் புரிந்தது.

அடுத்த வார்த்தை. அதுவும் சரி. அதற்கடுத்தது. அதுவும். தங்க மரத்தில் இருந்த வார்த்தைகள் எல்லாம் நாத்தனாருக்கு அத்துப்படி. இத்தனை நாளும் ஏறியவர் அவர்தானே. ஒரு வார்த்தையில்கூட என் மகள் தடுமாறவில்லை. மேடம் வேகமாகக் கேட்டால் அவளும் வேகமாகச் சொன்னாள். என் பிள்ளை இப்படி நிமிர்ந்து நின்று, ஒரு பெரிய மனுஷியின் முகத்தைப் பார்த்து, பயமில்லாமல் பதில் சொல்லி நான் பார்த்ததே இல்லை. பெருமையாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "எக்ஸலன்ட். யாரு சொல்லிக் குடுத்தா?"

"அத்தை. அத்தை சொன்னாங்க, எல்லாம் கரெக்டாச் சொல்லிட்டா என்னய யாரும் திருடின்னு சொல்ல மாட்டாங்களாம். அம்மாவயும் திட்ட மாட்டாங்களாம்."

மேடம் சிரித்தார். "உன்ன யாரு கண்ணு அப்படிச் சொல்லுவா?" என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களாம்மா, இவளுக்கு ஒண்ணுமில்ல. நீங்கதான் வீணா மனசப் போட்டுக் குழப்பிக்கறீங்க. வேற ஏதாவது கேக்கணுமா?"

எழுதச் சொல்லுங்கள் மேடம். இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. அதே வார்த்தையை, அந்த பியூட்டிஃபுல்லையே, ஒரு காகிதத்தில் எழுதச் சொன்னால் ஒரே நிமிஷத்தில் எல்லாம் தெரிந்துவிடும். வாய் திறந்துவிட்டேன். மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது. ஆனால் பின்னால் கட்டியிருந்த கை இரண்டும் ஒன்றை ஒன்று இறுக்கிக்கொண்டிருந்தன. நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்து அது நன்றாகத் தெரிந்தது. இவ்வளவு நேரம் எனக்காக நிமிர்ந்து நின்ற பிள்ளையை என் வாயாலேயே எப்படித் தலைகுனிய வைப்பது?

"இல்ல மேடம்" என்றேன்.

அந்த ஓர் இடத்துக்கு வேறு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டார்கள். வெளியே அந்தப் பிள்ளையின் அம்மா காத்திருந்தாள். என்னைப் பார்த்துப் பயந்து பயந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பள்ளி வாசலில் ஆட்டோ பிடித்தேன். மகள் ஓரத்தில் உட்கார மாட்டேன் என்று என்னோடு ஒட்டிக்கொண்டாள். "சூப்பர்டி கண்ணு, ஒண்ணுகூடத் தப்பில்ல" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். லஸ் முனை தாண்டும்போது என் புடவையை இழுத்து, காதில் ரகசியமாகச் சொன்னாள்.

"எழுதச் சொல்லிடுவாங்களோன்னு எனக்கு ஒரே பயம். நீயும் சொல்லல. தேங்க்ஸ்மா."